நர்சக்கா கிளட்ச் மாற்றிய ஞாயிறு

அவள் சிரித்து நான் பார்த்ததில்லை என்று எழுதினால் அது பொய். சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்த மறுகணமே, இதற்கெல்லாம் சிரிக்க நேர்ந்துவிட்டதே என்று கோபப்படுவாள். சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த வளவில் ஆறு வீடுகள்; நடுவில் ஒரு பொது முற்றம், ஒரு கிணறு, ஒரு குழாய். ஆறு வீட்டுக்கும் அவள் நர்சக்கா. நான் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்ததால் எனக்கு டீச்சர் என்று பெயர். எண்பதுகளின் தொடக்கம் அது. நான்கு ஆண்டுகள் அவளுக்கு அடுத்த வீட்டில் இருந்தேன்.

குழாய் சொட்டினால் மற்றவர்கள் அடியில் ஒரு வாளியை வைப்பார்கள். அவள் குழாயைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே அதைக் கழற்றுவாள். உள்ளே தேய்ந்து கிடக்கும் வாசரை இரண்டு விரலால் எடுத்து வெயிலில் பிடித்து, "இந்தா கெடக்கு பாரு, மூதி!" என்று வளவு முழுவதற்கும் காட்டுவாள். அவளுடைய கோபத்துக்கு அது ஒன்றுதான் வழி. மேற்பரப்பில் நின்று அதற்குப் பழக்கமில்லை. கழற்றிப் பார்த்து, கெட்டுப்போனது எது என்று கையில் எடுத்துக் காட்டும்வரை அது அடங்காது.

அவளுடைய துணை சுகாதார நிலையம் பனவடலிசத்திரத்துக்கு அப்பால், பேருந்து போகாத கரிசல் கிராமம் ஒன்றில் இருந்தது. ஒருமுறை அங்கே ஒரு வீட்டில், பிறந்த குழந்தையின் தொப்புளில் சாம்பலை அப்பி வைத்திருந்தார்களாம். அந்தத் தெருவே வெளியே வந்து நிற்கும்படி ஏசியிருக்கிறாள். ஏசிவிட்டுத் திரும்பவில்லை. அடுப்பை மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்து, தானே சுத்தம் செய்து, தொடர்ந்து ஐந்து நாள் போய்ப் பார்த்திருக்கிறாள். ஐந்து நாளும் ஏசியிருக்கிறாள். பின்னர் ஒரு நாள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கடைத்தெருவுக்கு வந்தவள், வழி விசாரித்து வளவுக்கு வந்து எங்களிடம் சொன்னாள்: "எங்க நர்சம்மா ஏசிட்டான்னா புள்ள பொழைச்சுக்கிடும். ஏசாமப் போனாத்தான் எங்களுக்குப் பயம்."

வளவில் எங்களுக்கு அந்த ஞானம் இல்லை. எங்களுக்கு அவள் கோவக்காரி, அவ்வளவே. அவள் கணவரோ தங்கமான மனிதர்.

அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். குரலை உயர்த்தி ஒரு சொல் பேசியதில்லை. அவள் கத்தும்போது அவளைப் பார்க்க மாட்டார். எங்களைப் பார்த்து மெல்லப் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையில் ஒரு வேண்டுகோள் இருக்கும்: நீங்களே பாருங்கள், என் நிலைமையை. நாங்கள் பார்த்தோம். பார்த்து அவர் பக்கம் நின்றோம். அவளிடம் அவர் அடிக்கடி கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அதையும் மிகக் கனிவாகக் கேட்பார்.

"வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரும்மா. அரசாங்கத்துக்கு நீ ஒருத்திதானா நர்சு? ஒடம்பு தேறும்லா?"

"எனக்கு ஒடம்புக்கு என்ன கேடு? நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க வண்டிய எடுங்க."

வண்டி என்பது மோட்டார் சைக்கிள். கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. அதில்தான் அவர் காலையில் அவளைக் கிராமத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அலுவலகம் திரும்புவார். பேருந்தில் போனால் மெயின் ரோட்டு விலக்கில் இறங்கி நாலு மைல் நடக்க வேண்டும். மற்ற நாட்களில் அவள் அப்படியும் போய்விடுவாள். ஆனால் தடுப்பூசி முகாம் நாளில் ஐஸ் நிரப்பிய குடுவைக்குள் மருந்து இருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் ஐஸ் உருகிவிடும். மருந்தைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

அந்த வண்டிக்குக் கிளட்ச் தேய்ந்துபோயிற்று. கிளட்ச் தேய்ந்த வண்டியில் இன்ஜின் அலறும். ஆனால் வண்டி மாட்டுவண்டியின் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். நாலு மாதத்துக்குள் இரண்டு முகாம் நாட்களில் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு முறையும் மருந்து வீணாயிற்று. கையில் குழந்தைகளோடு காத்திருந்த பெண்கள் திரும்பிப் போனார்கள். மூன்றாவது முறையும் இப்படி நேர்ந்தால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கும்படி மேலே எழுதிவிடுவேன் என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுத்து மூலமாகவே தெரிவித்துவிட்டார். அந்தக் கடிதத்தை அவள் முற்றத்தில் நின்று உரக்கப் படித்தாள். கணவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க? பின்னாடி வெயிட்டு ஜாஸ்தி. கிளட்ச் தாங்கமாட்டேங்கு."

அவள் நல்ல வாகான உடம்புக்காரி. வளவு சிரித்தது. நானும் சிரித்தேன். இதை எழுதும்போது என் மீது எனக்கு வரும் கோபம், அன்று வந்திருக்க வேண்டியது.

மெக்கானிக்கிடம் கணவரோடு அவளும் போனாள். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த மெக்கானிக், "சார் கிளட்ச் லீவர்ல வெரல வச்சுக்கிட்டே ஓட்டுதாரு, அதான் பிளேட்டு எரிஞ்சிருக்கு" என்றானாம். கணவர் அவனைப் பார்த்து அந்தப் புன்னகையைச் செய்திருக்கிறார். உடனே அவன், "டபுள்ஸ் போனாலும் தேயத்தாங்க்கா செய்யும்" என்று இழுத்திருக்கிறான்.

"ஏம்வே, ஒரு நிமிசத்துக்கு முன்னால வெரலுன்னீரு, இப்ப வெயிட்டுங்கீரு. ஒம்ம வாய்லயும் கிளட்ச் தேஞ்சு போச்சா, இப்படி வழுக்குது?"

இதை அவளே வந்து என்னிடம் சொன்னாள். கையில் கிளட்சுக்குப் போடும் புதிய கார்க் பிளேட்டுகள் அடங்கிய பொட்டலம் இருந்தது. வண்டியை அவனிடம் விடாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். அவளுடைய பிறந்த வீட்டில் கிணற்றடி ஆயில் இன்ஜினைப் பழுது பார்ப்பது வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்ததாம். ஆண்கள் சந்தைக்குப் போன நாளில் இன்ஜின் நின்றால் பயிர் காத்திருக்காது. "அதுவும் இரும்புதான், இதுவும் இரும்புதான்" என்றாள்.

சனிக்கிழமை மாலையே பிளேட்டுகளை ஓர் அலுமினியத் தட்டில் எண்ணெயில் ஊறப்போட்டாள். கார்க்கை உலர்ந்தபடி மாட்டினால் ஒரே நாளில் கருகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஊறுகாய் போடுதியளா?" என்றாள்.

"ஆமா. ஒங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு துண்டு தாரேன். வெறும் வாயத்தானே மென்னுக்கிட்டுத் திரியுதாரு."

ஞாயிறு காலை, கிணற்றடியில் சாக்கை விரித்தாள். சேலைக்கு மேல் கணவரின் பழைய சட்டையை மாட்டியிருந்தாள்.

"டீச்சர், ஒன் எனாமல் பேசின எடுத்துட்டு வா."

"அது நான் முகம் கழுவ வச்சிருக்கேங்க்கா."

"இனிமே வண்டி கழுவும். கொண்டா."

கறுத்த எண்ணெய் அதில் இறங்கியது. கால் வைக்கும் கம்பி, கியர் நெம்புகோல், மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே சாக்கின் மேல் இடமிருந்து வலமாக அடுக்கினாள். அந்த வரிசையை யாரும் தாண்டக்கூடாது. தாண்டியவர்களுக்கு ஏச்சு விழுந்தது. கணவர் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மிச்சம் எதுவும் வந்தா டீச்சர் வீட்டு அலமாரியில வச்சுக்கிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை.

கிளட்சை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளை எடுக்கும்போது ஒன்று துள்ளிப் பறந்தது. "சவம், எங்க போய் விழுந்துச்சு பாரு!" என்று கத்தினாள். நான் முற்றம் முழுக்கத் தேடி, கனகாம்பரச் செடியின் அடியில் கண்டெடுத்தேன். பிறகு பழைய பிளேட்டுகள் வெளியே வந்தன. இரும்பும் கார்க்குமாக மாறி மாறி அடுக்கியிருந்தவை. கார்க் துண்டுகள் தேய்ந்து, கரிந்து, கண்ணாடிபோல வழவழத்திருந்தன. முற்றம் முழுக்க ஒரு தீய்ந்த வாடை. அவள் ஒன்றை எடுத்து என் மூக்கருகே நீட்டினாள்.

"வெயிட்டுக்குத் தேஞ்சதா இது? வெயிட்டுன்னா டயரு தேயும், செயின் இழுவும். இது அப்படி இல்ல. முழுசாப் பிடிக்கவும் விடல, முழுசா விடவும் விடல. நடுவுல வச்சே எரிச்சிருக்கு."

அவளுடைய குரல் வாசல்வரை போனது. செய்தித்தாள் அசையவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. புத்தகங்களில் படித்த நிதானத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, கொஞ்சம் பொறுமையாப் பேசுங்களேன். அவரு ஒங்கள ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலைல்லா? அதான் எனக்கு ஆத்திரம். சொன்னாருன்னா நான் பதில் சொல்லிருவேன்."

புதிய பிளேட்டுகளை அடுக்கி, ஸ்பிரிங்குகளை மாட்டினாள். எண்ணெய் ஒழுகாமலிருக்க மூடிக்கு உள்ளே வைக்கும் பேக்கிங் கிழிந்திருந்தது. சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்து, அதன் அட்டையை மூடியின் விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினாள். விளிம்பின் வடிவமும் துளைகளும் அச்சாகப் பதிந்தன. அப்படியே வெட்டி எடுத்தாள். எதிர்வீட்டுப் பெண் பதறினாள்: "ஐயோ, சாமி படம்க்கா!" "சாமிய உரிச்சு எடுத்து மாடத்துல வச்சாச்சு. அட்டை மட்டுந்தான் வேலைக்குப் போகுது."

மூடியை மாட்டிப் புது எண்ணெய் ஊற்றினாள். கடைசியில் கிளட்ச் ஒயர். கைப்பிடியின் அருகே அதன் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறிய திருகு உண்டு. அதைப் பார்த்து அவள் சற்று நின்றாள்.

"வண்டி பூரா துருவும் புழுதியுமாக் கெடக்கு. இந்தத் திருகு மட்டும் எதுக்கு இப்படிப் பளபளங்கு?"

கணவர் செய்தித்தாளைப் புரட்டினார். அவளும் அதை விட்டுவிட்டாள். லீவருக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் ஓர் எட்டணாக் காசு லேசாக நுழையும்படி ஒயரைத் தளர்த்தி வைத்தாள். கணவரை அழைத்து, காசை நுழைத்துக் காட்டினாள்.

"இந்த எடம் எப்பவும் இருக்கணும். இருந்தாத்தான் பிளேட்டு முழுசாப் பிடிக்கும். இத இறுக்குனா, நீங்க பிடிக்காமலே கிளட்ச் பிடிச்ச மாதிரி ஆயிரும், மறுபடி எரியும். தொடாதீங்க."

"சரிம்மா" என்றார் அவர், அத்தனை பணிவோடு.

உதைத்ததும் வண்டி கிளம்பியது. முற்றத்திலேயே கியரைப் போட்டுவிட்டாள். வண்டி முன்னால் பாய்ந்து கிணற்றுச் சுவரில் முட்டப் பார்த்தது. "பிடிக்குது!" என்று கத்தினாள். அந்த நேரத்தில்தான் அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். உடனே என் எனாமல் பேசினை இன்னும் யாரும் கழுவவில்லை என்று கோபப்பட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை முகாம். மருத்துவரே நேரில் வருவதாக இருந்தது. ஞாயிறு மாலையில் ஐஸ் கடையில் சொல்லி வைக்க அவள் போயிருந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான், கணவர் வண்டியருகே குனிந்து நிற்பதைப் பார்த்தேன். தோளில் ஒரு துணி. வலது கையில் குறடு. கைப்பிடியின் அந்தத் திருகை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்றுச் சுற்றினார். லீவரை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்தபோது என்னைக் கண்டார்.

"தொடைச்சு வைக்கேன் டீச்சர்" என்றார். புன்னகை செய்தார்.

நானும் புன்னகை செய்தேன். துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பிறர் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு இயந்திரங்களைப் பற்றி என்ன தெரியும் என்றும் சொல்லிக்கொண்டேன். காலையில்தான் அவள் எனக்கும் சேர்த்துக் காசை நுழைத்துக் காட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பித் தெருமுனையை எட்டியபோது அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அவள் மடியில் ஐஸ் குடுவை. இருபது கஜம் போவதற்குள் இன்ஜின் அலறத் தொடங்கியது. வண்டி தயங்கித் தயங்கி ஊர்ந்தது. எனக்குத் தெரிந்த அந்தத் தீய்ந்த வாடை தெருவில் பரவியது. பூ மார்க்கெட்டுக்குக் கூடை சுமந்து போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவள் குதித்து இறங்கினாள். குடுவையை நிழலில் இருந்த ஒரு படியில் வைத்தாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எட்டணாக் காசை எடுத்து லீவரின் இடுக்கில் வைத்தாள். நுழையவில்லை.

"யாரு தொட்டது இத?"

"யாரும்மா தொடுவா? நீ மாட்டுனதுல எங்கேயோ கோளாறு. மெக்கானிக்குட்டயே விட்டிருக்கலாம்னு நான் அப்பவே நெனச்சேன்."

கூட்டத்தில் ஒருவர், "விடுங்கம்மா, பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சோலி? சாரு பாவம், எவ்வளவு பொறுமையா நிக்காரு பாருங்க" என்றார். அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"டீச்சர். நேத்து நான் ஐஸ் கடைக்குப் போயிருந்தப்ப வண்டிகிட்ட யாரு வந்தா?"

"சார்... தொடைச்சுக்கிட்டு இருந்தாங்க."

"கையில என்ன இருந்துச்சு?"

கணவர் என்னைப் பார்த்தார். நாலு வருஷம் நாங்கள் பழகியிருந்த அதே பார்வை.

"துணி" என்றேன்.

துணி இருந்தது உண்மைதான். தோளில் இருந்தது. அவள் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். குழாயைக் கழற்றி, உள்ளே தேய்ந்ததைக் கண்டவுடன் பார்ப்பாளே, அப்படி. பிறகு என்னை விட்டுவிட்டு வண்டியிடம் போனாள். பையிலிருந்து குறட்டை எடுத்தாள். அன்று அதை எடுத்து வந்திருந்தாள். திருகைப் பின்னோக்கிச் சுற்றினாள், தெருவே கேட்கும்படி எண்ணிக்கொண்டே.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

காசு நுழைந்தது.

"மூணு சுத்து! தானா இறுகுமா மூணு சுத்து? நாலு மாசமாத் தெனமும் கூட்டிக் கூட்டிக் கொறைச்சுல்லா இந்தத் திருகு பளபளங்கு? நீங்க தனியாப் போற அன்னைக்கு வண்டி பறக்குது. நான் ஊசி போடப் போற அன்னைக்குப் படுத்துக்கிடுது. அதுக்கு என் ஒடம்பத் தெருவுல வச்சு எடை போட்டியளே!"

"இல்லம்மா, ஒயரு லூசா இருக்கேன்னு லேசா..." என்றார் அவர்.

சொல்லிவிட்ட பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது. பூக்கூடைக்காரி ஒருத்தி, "அப்போ யாரும் தொடலைன்னீங்க, சார்?" என்றாள். முதல் முறையாக அந்தப் புன்னகைக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

"ஏறுங்க" என்றாள் அவள். "வண்டிய எடுங்க. மருந்து கெட்டுரும். வெரலு லீவர்ல பட்டுச்சு, ஒடிச்சுருவேன்."

வண்டி ஒரே இழுப்பில் கிளம்பித் தெருவைத் தாண்டி மறைந்தது. ஐஸ் உருகுமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மருத்துவர் வந்தபோது அவள் பன்னிரண்டாவது குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாளாம். வேலை தப்பியது. கடிதம் எதுவும் மேலே போகவில்லை.

வளவு மட்டும் மாறவில்லை. ஒரு வாரத்துக்குள் கதை வேறு வடிவம் எடுத்துவிட்டது: அவர் அன்பினால் செய்தார், பெண்டாட்டி வெயிலில் அலைவது பொறுக்காமல் செய்தார், அவள்தான் நடுத்தெருவில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாள். அவருக்கு மற்ற நாலு வீட்டிலிருந்தும் குழம்பு போயிற்று. என் வீட்டிலிருந்து போகவில்லை என்பதைத் தவிர நான் வேறு எதையும் செய்யவில்லை. இன்றைக்கும் 'பொறுமைசாலி' என்று யாராவது என்னைப் பாராட்டும்போது எனக்குள் ஏதோ கரியத் தொடங்குகிறது. அன்று நான் காட்டியதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டியவர்களை எல்லாம் நிறுத்தி ஏச வேண்டும் போலிருக்கிறது. எனக்கு ஏசத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, துணை நிலையத்தை ஒட்டிய குடியிருப்பு அவளுக்குக் கிடைத்தது. சாமான்களை ஏற்ற ஒரு சிறிய லாரி வளவு வாசலில் நின்றது. கணவர் அலுவலகம் போயிருந்தார். மோட்டார் சைக்கிளும் அவளோடு போவதாக இருந்தது. யார் ஓட்டுவார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டதற்கு, "படிச்சு ஓட்டுவேன், இல்லன்னா வித்துருவேன். இங்கன நின்னு எரியாது" என்றாள்.

லாரிக்காரர் வண்டியை ஏற்ற ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். அவள் முன்பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் அருகில் போனேன். இரண்டு மாதமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் பாத்தேன். கையில குறடுதான் இருந்துச்சு. நான் சொல்லியிருக்கணும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒம் மூஞ்சில எழுதி ஒட்டியிருந்துச்சு. பின்ன எதுக்கு நான் தெருவுக்கே கேக்கும்படி சுத்த எண்ணுனேன்?" அவள் குரல் எகிறியது. "அன்னைக்குச் சொல்லல. இப்ப எதுக்குச் சொல்லுத? எனக்காகவா, ஒம் மனசு ஆறவா?"

"என் மேல கோவம்தானேக்கா?"

"ஆமா. கோவம்தான். அது இருக்கட்டும், அத நீ ஆத்த வராத. பின்னாடி போய்த் தள்ளு, வண்டி சரியுது பாரு. நல்லா அழுத்தித் தள்ளு டீச்சர், சோறு திங்கலியா?"

நான் பின்னால் போய், இரண்டு கைகளையும் கொடுத்துத் தள்ளினேன்.